பொத்லாஷேயின் உருளைக்கிழங்கு பாப்கா: அன்றும் இன்றும்

போலந்தின் வடகிழக்கில், பெலாருஸ் எல்லையை ஒட்டிய பொத்லாஷே வட்டாரத்தில் துருவிய கிழங்கை அடுப்பில் சுட்டெடுக்கும் உருளைக்கிழங்கு பாப்காவைச் செய்வது ஒரு காலத்தில் அரைநாள் வேலை. இன்று வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் இரவுச் சாப்பாட்டுக்கு அதைச் செய்துவிட முடிகிறது. வீட்டுப் பெண்களின் கைகளுக்குக் கிடைத்த அந்த ஓய்வை நான் சிறிதாக எண்ண மாட்டேன்.

அன்று இரண்டு கிலோ பச்சைக் கிழங்கைத் தோல் சீவி, தகரத் துருவியின் நுண்பல் பக்கத்தில் கூழாகும்வரை தேய்த்தார்கள். விரல் முட்டி சிராய்த்துப்போவது சாதாரணம். காற்றுப் பட்டதும் கூழ் செம்பழுப்பாகும், பிறகு கறுக்கும். அதைத் தாமதப்படுத்தக் கூடவே வெங்காயத்தையும் துருவிச் சேர்ப்பார்கள். துணியில் கட்டிப் பிழிந்த சாற்றைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை வெளேரென்று மாவு படியும். மேல்நீரை மட்டும் வடித்துவிட்டு, அந்த மாவைச் சுரண்டித் திரும்பக் கூழில் கலப்பார்கள். பாப்காவுக்குக் கட்டு கொடுப்பது அதுதான். முட்டை, கொஞ்சம் கோதுமை மாவு, உப்பு, மிளகு, மார்ஜோரம் என்னும் மூலிகை, வெங்காயத்தோடு வதக்கிய புகையிட்ட பன்றிக் கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் கலவை தயார்.

இன்று மின்துருவி சில நிமிடங்களில் கூழைத் தந்துவிடுகிறது. சுவையில் இதனால் பெரிய நட்டமில்லை. நட்டம் அடுப்பில்தான். அன்று ரொட்டி சுட்டு எடுத்த செங்கல் அடுப்பின் தணியும் சூட்டில் இரும்புச் சட்டியை வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பார்கள். மெல்ல வெந்து, சட்டியை ஒட்டிய பகுதியெல்லாம் தடித்த பழுப்பு மொறுவலாகும். மின்னடுப்பில் 180 டிகிரியில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்; மேலே நன்றாகச் சிவக்கிறது, ஆனால் மொறுவல் மெலிது.

கிழங்கும் குறைந்துவிட்டது. 1990இல் போலந்தில் ஏறத்தாழ 18 லட்சம் ஹெக்டேரில் உருளைக்கிழங்கு பயிரானது. இன்று சுமார் 2 லட்சம்தான். அன்று பன்றிகளுக்கும் கிழங்கையே வேகவைத்துப் போட்டார்கள். அந்த இடத்தைத் தானியத் தீவனம் பிடித்தது. ஒருவர் ஆண்டுக்கு 140 கிலோ அளவில் உண்டது, இப்போது 100 கிலோவுக்கும் கீழே.

அடுப்பை மறுபடி கட்டிவிடலாம். திரும்பாத இழப்பு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், வட்டாரத் தலைநகரான பியாவிஸ்தோக்கில் பாதிக்கும் மேற்பட்டோர் யூதர்கள். அவர்கள் வீட்டு கூகல், பாப்காவின் நெருங்கிய உறவு: அதே துருவிய கிழங்கு, பன்றிக் கொழுப்புக்குப் பதில் வாத்துக் கொழுப்போ எண்ணெயோ. யூதர்களின் வார ஓய்வுநாளான சபாத்தில் தீ மூட்டக் கூடாது என்பதால், வெள்ளி அந்திக்கு முன்பே அடுப்பில் ஏற்றி மறுநாள் சூடாக உண்பார்கள். 1943 ஆகஸ்டில் நாஜிகள், யூதர்களை அங்கே அடைத்து வைத்திருந்த கெட்டோவை அழித்தார்கள். அந்தச் சமையலறைகளோடு அந்தக் கைப்பக்குவமும் போயிற்று.

பாப்கா பிழைத்தது. பக்கத்து ஊரான சுப்ராஷ்லில் அதற்கு 'உலகச் சாம்பியன்' போட்டியே நடக்கிறது. புளித்த பாலேடோ காளான் குழம்போ ஊற்றி உண்கிறார்கள். மிஞ்சியதை மறுநாள் துண்டு போட்டு வாணலியில் பொரிக்கிறார்கள், இருபுறமும் மொறுமொறுப்பாக. முதல் நாளைவிட இதுவே மேல் என்பது என் கட்சி.

செய்து பார்க்கிறவர்கள் புதுக்கிழங்கை விட்டு, வேகவைத்தால் மாவாக உதிரும் முற்றிய கிழங்கை வாங்குங்கள். எந்த எந்திரத்தில் துருவினாலும் சரி, பிழிந்த சாற்றின் அடியில் படியும் மாவை மட்டும் கொட்டிவிடாதீர்கள்.