விரல்கள் கற்கும் பாடம்

பணி ஓய்வு பெற்ற ஒருவர் மாலையில் கோயிலுக்குச் செல்கிறார், நடைப்பயிற்சி மேற்கொள்கிறார் என்றால் எவரும் வியப்பதில்லை. அவரே மேஜையின் மீது பிளாஸ்டிக் கட்டைகளைப் பரப்பி, பற்சக்கரங்களைக் கோத்து, சிறு மோட்டாரைப் பொருத்தி ஓர் இயந்திர மாதிரியை உருவாக்கிக்கொண்டிருந்தால், "பேரப்பிள்ளைக்கா?" என்ற கேள்விதான் முதலில் எழும். விளையாட்டு சிறுவர்க்கு உரியது என்ற எண்ணமும், கைவேலை படிக்காதவர்க்கு உரியது என்ற எண்ணமும் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கின்றன. முந்தைய எண்ணத்தால் பெரிய தீங்கில்லை. பிந்தையது நமது கல்வியையும் பொருளாதாரத்தையும் நெடுங்காலமாக அரித்துவருகிறது.

கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவன் என்ற முறையில், இதன் உள்ளடக்கத்தைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-ஆம் ஆண்டு ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், மர விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். உலகப் பெருமந்தத்தால் தச்சு வேலை அருகிப்போயிருந்த காலம் அது. அவர் தொடங்கிய நிறுவனமே லெகோ. மேற்புறம் குமிழ்களும் உட்புறம் குழாய்களும் கொண்டு, ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் இன்றைய கட்டைக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டில் வார்க்கப்பட்ட கட்டை, இன்று வார்க்கப்படும் கட்டையோடு இப்போதும் பொருந்தும். எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91,51,03,765 வழிகளில் இணைக்கலாம் என்று டென்மார்க் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுக் காட்டியுள்ளார்.

1977-இல் பற்சக்கரங்கள், அச்சுகள், துளையிட்ட சட்டங்கள் அடங்கிய புதிய தொகுப்புகள் வெளிவந்தன. பின்னர் 'டெக்னிக்' என்று பெயர் பெற்ற இந்த வரிசைதான் சுவர் எழுப்பும் விளையாட்டை இயந்திரம் உருவாக்கும் விளையாட்டாக மாற்றியது. 2019-இல் வெளியான ஓர் அகழ்வு இயந்திர மாதிரியில் 4,108 உறுப்புகளும் 7 மோட்டார்களும் இருந்தன. அதனைக் கைப்பேசியால் இயக்கலாம். இவை பெரியவர்களை எண்ணியே வடிவமைக்கப்படுபவை.

இவற்றில் கற்பதற்கு என்ன இருக்கிறது? சிறு மோட்டார் வேகமாகச் சுழலும். ஆனால் அதற்கு வலு குறைவு. அதன் அச்சில் 8 பற்கள் கொண்ட சக்கரத்தைப் பொருத்தி, அதனோடு 40 பற்கள் கொண்ட சக்கரத்தை இணைத்தால், வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். உராய்வில் இழப்பது போக, முறுக்குவிசை ஏறத்தாழ ஐந்து மடங்காகும். 8-க்கு 24 என்ற இணைப்பை இருமுறை அடுக்கினால் ஒன்பது மடங்கு கிடைக்கும். வேகத்தைக் கொடுத்தால்தான் வலுவைப் பெற முடியும். இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது. வாய்ப்புச் செலவு என்ற கருத்தைக் கரும்பலகையில் பல்லாண்டுகள் விளக்கியவன் நான். இரண்டு பற்சக்கரங்கள் அதனை ஒரே நிமிடத்தில் விரலுக்கு உணர்த்திவிடுகின்றன.

திருகு வடிவச் சக்கரம் இன்னும் சுவையானது. அது ஒருமுறை சுழன்றால் எதிரே உள்ள சக்கரத்தின் ஒரு பல் மட்டுமே நகரும். 24 பல் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, திருகு 24 முறை சுழல வேண்டும். அதைவிட முக்கியமாக, எதிர்ப்புறமிருந்து அதனைச் சுழற்ற முடியாது. ஆகவே, தூக்கிய சுமை மோட்டார் நின்ற பிறகும் கீழே விழாமல் நிற்கும்.

வாகனங்களின் பின் அச்சில் உள்ள 'டிஃபரன்ஷியல்' மற்றொரு பாடம். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு ஓடியாக வேண்டும். ஒரே மோட்டாரின் ஆற்றலைப் பெற்றுக்கொண்டே இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவது எவ்வாறு? திருநெல்வேலிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் பயணம் செய்யும் நம்மில் எத்தனை பேர் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறோம்? சில சிறு சக்கரங்களைக் கையால் கோத்துச் சுழற்றிப் பார்த்தவருக்கு அது ஆயுளுக்கும் மறக்காது.

எங்கள் பனவடலிசத்திரம், தேவர்குளம் வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனி, ஆடிக் காற்றில் அவை சுழல்வதைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை ஒன்று உருவாகிவிட்டது. காற்றாலை உற்பத்தியில் பெயர்பெற்ற வெஸ்டாஸ் நிறுவனமும் டென்மார்க்கைச் சேர்ந்ததே. அதன் காற்றாலையை, மோட்டாரால் இறக்கை சுழலும் மாதிரியாக, 826 உறுப்புகளுடன் லெகோ நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. மாதிரியில் மோட்டார் இறக்கையைச் சுழற்றுகிறது. உண்மைக் காற்றாலையிலோ இறக்கை மின்னாக்கியைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்குச் சில முறைகளே சுழலும் பெரிய இறக்கையிலிருந்து, ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழல வேண்டிய மின்னாக்கிக்கு வேகத்தை உயர்த்துவது இடையிலுள்ள பற்சக்கரப் பெட்டி. வலுவைக் கொடுத்து வேகம் பெறுவது இங்கே நிகழ்கிறது. வயலுக்கு அருகிலேயே நிற்கும் இயந்திரத்தின் உட்பொருளை ஒரு விளையாட்டுப் பொருள் விளக்குகிறது என்றால், அதனை வீண்பொழுது என்று எப்படித் தள்ளுவது?

இத்தகைய கல்வி நமக்குப் புதியதன்று. வடலி என்றால் இளம்பனை. எங்கள் ஊரின் பெயரிலேயே பனை இருக்கிறது. நுங்கைத் தின்ற பின் எஞ்சும் கூந்தல் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளி ஓட்டிய நுங்கு வண்டியில் சக்கரமும் உண்டு, அச்சும் உண்டு, திருப்பும் முறையும் உண்டு. காசு செலவின்றிக் கிடைத்த அந்தப் பொறியியல் பாடத்தை நாம் பாடமாக எண்ணவில்லை. பள்ளிக்குச் சென்றதும் கையைக் கட்டிக்கொண்டு அமர்வதே ஒழுக்கம் என்று கற்பிக்கப்பட்டது.

உழைப்பின் பொருளைப் பற்றிப் பொருளியலாளர்கள் நடத்திய ஓர் ஆய்வுக்கு இந்தக் கட்டைகளே கருவியாயின. டான் ஏரியலி, எமிர் கமெனிகா, டிராசன் பிரெலெக் ஆகிய மூவர் 2008-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பொம்மை ஒன்றைக் கோத்து முடித்தால் 2 டாலர். அடுத்த ஒவ்வொன்றுக்கும் 11 சென்ட் குறைவு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் செய்த பொம்மைகள் அவர்கள் முன்னே வைக்கப்பட்டன. மற்றொரு பிரிவினர் செய்தவை, அவர்கள் அடுத்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே கண்ணெதிரில் பிரிக்கப்பட்டன. கூலி ஒன்றே, வேலையும் ஒன்றே. முதல் பிரிவினர் சராசரியாக 10.6 பொம்மைகளும், இரண்டாம் பிரிவினர் 7.2 பொம்மைகளும் செய்தனர். மனிதன் கூலிக்காக மட்டும் உழைப்பதில்லை. தன் உழைப்பு நிலைத்து நிற்பதைக் காணவும் விழைகிறான். ஓய்வு பெற்றோரின் மனச்சோர்வுக்கு மருந்து தேடுவோர் கருத வேண்டிய முடிவு இது.

கையால் கட்டிப் பார்ப்பது அறிவுத்துறைகளுக்கு இழுக்கன்று என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற உலோகத் துண்டு விளையாட்டுப் பொருளே பின்னர் 'மெக்கானோ' எனப்பட்டது. அதன் உறுப்புகளைக் கொண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1934-இல் டக்ளஸ் ஹார்ட்ரியும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பொறி ஒன்றை உருவாக்கினர். செலவு சுமார் 20 பவுண்டு. பொருளியலில் பில் பிலிப்ஸின் பெயரை அறியாதவர் இலர். வேலையின்மைக்கும் ஊதிய உயர்வுக்குமான தொடர்பைக் காட்டும் அவரது வளைகோடு 1958-இல் வெளியானது. அதற்கு முன்பே, 1949-இல், ஒளிபுகும் குழாய்களில் வண்ண நீரை ஓடவிட்டு, ஒரு நாட்டின் வருமானம், சேமிப்பு, வரி, முதலீடு ஆகியவற்றின் ஓட்டத்தைக் காட்டும் இயந்திரத்தை அவர் லண்டன் பொருளியல் பள்ளியில் இயக்கிக் காட்டினார். கொட்டகையில் அமர்ந்து குழாய்களைப் பொருத்தியவர்தான் பின்னர் பேராசிரியரானார்.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. கலிபோர்னியாவில் வாழும் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுபம் பானர்ஜி, 2014-இல், தமது 12-ஆம் வயதில், ஏறத்தாழ 350 டாலர் விலையுள்ள லெகோ ரோபோ தொகுப்பைக் கொண்டு பார்வையற்றோருக்கான பிரெய்ல் அச்சுப்பொறியின் மாதிரியை உருவாக்கினார். அதுவரை கிடைத்த அச்சுப்பொறிகளின் விலை அதனைப் போலப் பல மடங்கு.

இனி, சிக்கலுக்கு வருவோம். இந்தப் பொழுதுபோக்கு எளியவருக்கு எட்டுவதாக இல்லை. மோட்டார் பொருத்திய பெரிய தொகுப்பு ஒன்றின் விலை, நம் ஊர்க் கைத்தொழிலாளி ஒருவரின் ஒரு மாத வருமானத்தையும் தாண்டும். இறக்குமதியாகும் விளையாட்டுப் பொருள்களுக்கான சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் கட்டாயமாயிற்று. தரமற்ற பொருள்களைத் தடுக்கவும் உள்நாட்டுத் தொழிலை வளர்க்கவும் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் இவை; நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால், வரியினால் விலை உயரும். துல்லியமான அச்சுகள் தாமாக உருவாகிவிடா.

கட்டையின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பயன்பாட்டுக்காக அமைந்த அவ்வடிவத்தை வணிகச் சின்னமாக்கித் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2005-இல் கனடா உச்சநீதிமன்றமும், 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. எனவே, குமிழும் குழாயும் கொண்ட கட்டை இன்று உலகின் பொதுச்சொத்து. சிறு மோட்டாரையும் அச்சு வார்ப்பையும் அறிந்த தொழில்முனைவோர் கோவையில் உள்ளனர். டயர் தயாரிக்கும் எம்.ஆர்.எஃப். குழுமம் தொடங்கிய ஃபன்ஸ்கூல் விளையாட்டுப் பொருள் நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. விந்தையாக, 2011-இல் எண்ணிக்கையில் உலகிலேயே மிக அதிகமான டயர்களைச் செய்ததற்காகக் கின்னஸ் சாதனை படைத்தது லெகோ நிறுவனம். அத்தனையும் பொம்மை வண்டிகளுக்கான குட்டி டயர்கள். திறன் நம்மிடம் இருக்கிறது. தேவையை உருவாக்குவதே எஞ்சியுள்ள பணி.

பள்ளி மாணவர்களுக்காக அடல் ஆய்வுக்கூடத் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்கப்பட்டு 10,000 கூடங்கள் அமைக்கப்பட்டன. ஐந்து ஆண்டுகளில் மேலும் 50,000 அரசுப் பள்ளிகளில் அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், பள்ளியை விட்டு வெளியேறியவருக்கு, பட்டம் பெற்றும் திருப்புளியைப் பிடித்தறியாத இளைஞருக்கு, ஓய்வு பெற்ற முதியவருக்கு இத்தகைய இடம் எங்கே இருக்கிறது?

இடம் இருக்கிறது, அதன் பெயர் நூலகம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்திவருகிறோம். விலை மிகுந்த நூலை ஒருவர் வாங்க இயலாதபோது ஊரே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான் நூலகம். அதே தருக்கம் கட்டைகளுக்கும் பொருந்தும். ஒரு மாதிரியைக் கட்டி முடித்துப் பிரித்த பின், அதே உறுப்புகள் அடுத்தவர் கையில் புதியவை ஆகின்றன. படித்தால் நூல் தேய்வதில்லை. கட்டினால் கட்டையும் எளிதில் தேய்வதில்லை. வட்டத்துக்கு ஒரு நூலகத்தில் சில தொகுப்புகளை வைத்து, ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களையும், சங்கரன்கோவிலில் விசைத்தறியைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களையும் வாரம் ஒருநாள் வழிநடத்த அழைக்கலாம். தறியின் இயக்கத்தை நன்கறிந்த அந்தத் தொழிலாளிக்கு முன்னே பட்டதாரி மாணவராக அமரும் நாள், நம் சமூகத்துக்கும் நல்ல நாளாக இருக்கும்.

பெட்டிகளை வாங்கிக் குவித்து அலமாரியில் அடுக்குவது நுகர்வு வேட்கையே தவிர வேறில்லை என்று சிலர் எச்சரிப்பர்; அது சரியே. குறிப்பேட்டைப் பார்த்து ஒருமுறை கட்டிவிட்டு நிறுத்துவதும் பாதிப் பயனே. பிரித்து, அதே உறுப்புகளால் தமக்குத் தோன்றிய வேறொன்றைக் கட்டும்போதுதான் சிந்தனை தொடங்குகிறது. அதற்கும் பகிர்ந்து பயன்படுத்தும் முறையே ஏற்றது. சொந்தமாக வைத்திருப்பவருக்குப் பிரிக்க மனம் வராது.

அறிவு தலையில் மட்டும் தங்குவதன்று, விரல்களிலும் தங்குவது. உழைக்கும் கையை மதிக்கக் கற்பதற்கு, நம் கையையும் சற்று உழைக்கவிடுவதே சிறந்த வழி. அதற்கு வயது வரம்பு ஏதுமில்லை.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).