வர்த்தமானி எழுதிய துரோகி

1940 ஏப்ரல் 9. ஹிட்லரின் படை நோர்வேக்குள் புகுந்த அன்றே, அந்நாட்டின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் விட்குன் குவிஸ்லிங் வானொலியில் பேசி, ஆட்சி இனித் தன் கையில் என்று அறிவித்தார். அந்த மாதம் முடிவதற்குள் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை அவர் பெயரைப் பன்மையில் எழுதத் தொடங்கிவிட்டது. நாட்டைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுப்பவன் எவனும் ஆங்கிலத்தில் ‘குவிஸ்லிங்’ ஆனான். 1945 அக்டோபரில் அவருக்கு மரணதண்டனை நிறைவேறியது; பெயர் அகராதியில் தங்கிவிட்டது.

தமிழருக்கு இது புதிதல்ல. கட்டபொம்மன் கதையிலிருந்து எட்டப்பனும், பண்டாரவன்னியன் கதையிலிருந்து காக்கை வன்னியனும் இப்படித்தான் வசைச்சொற்கள் ஆனார்கள். இவை ஊர்வாயில் பிறந்தவை. ஆளும் அரசே ஒருவரைத் துரோகி என்று எழுதி முத்திரை குத்துவது வேறு. இலங்கையின் மாத்தளையைச் சேர்ந்த மொனரவில கெப்பெட்டிபொலவுக்கு அதுதான் நேர்ந்தது.

1817இல் ஊவா-வெல்லஸ்ஸயில் கிளர்ச்சி வெடித்தபோது அவர் பிரித்தானியரின் கீழ் ஊவாவின் திசாவ, அதாவது மாகாணத் தலைவர். அடக்கிவரச் சொல்லி ஆட்களும் ஆயுதங்களும் கொடுத்து அனுப்பினார்கள். போனவர் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். ஆனால் வாங்கிய ஆயுதங்களைக் கொடுத்தவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார். தந்தவனை அவன் துப்பாக்கியாலேயே சுடக்கூடாது என்ற இந்த நேர்மை ஒன்று போதும், அவரைக் குவிஸ்லிங்கோடு ஒரே வரிசையில் நிறுத்த முடியாது என்பதற்கு.

ஆளுநர் பிரவுன்ரிக் அப்படிப் பார்க்கவில்லை. 1818 ஜனவரி 10 வர்த்தமானி கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்றது, சொத்துகள் பறிபோயின. அக்டோபரில் அநுராதபுரத்துக்கு அருகே பிடிபட்ட கெப்பெட்டிபொலவின் தலை, நவம்பர் 26 அன்று கண்டி போகம்பறையில் வெட்டப்பட்டது. மண்டையோட்டின் அமைப்பை வைத்துக் குணம் கணிக்கலாம் என்று நம்பிய காலம் அது. இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். 1954இல்தான் அது நாடு திரும்பி, கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரே அடக்கம் செய்யப்பட்டது.

இடையில் மாத்தளையிலும் கிளர்ச்சி எழுந்தது. 1848 ஜூலையில் தம்புள்ளையில் முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டாவும் ராஜதுரோக வழக்கில் தண்டிக்கப்பட்டு, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

சுதந்திரம் வந்தது, சிலைகள் எழுந்தன, பாடப்புத்தகங்கள் கெப்பெட்டிபொலவை வீரர் என்றன. வர்த்தமானி மட்டும் அப்படியே கிடந்தது. 2016 டிசம்பரில்தான் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பழைய அறிவித்தலை ரத்துச் செய்து, கெப்பெட்டிபொல உட்பட 19 பேரைத் தேசிய வீரர்களாக அறிவித்தார்.