பின்பலகையில் ஒரு துளை

கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லின் பொருள் கயிற்று முடிச்சு. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய மாலுமிகள் மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து நீரில் வீசி வேகம் பார்த்தார்கள். கட்டை விழுந்த இடத்தில் மிதந்து நிற்கும். கப்பல் போகப்போகக் கயிறு உருளையிலிருந்து அவிழும். பின்னாளில் நிலைபெற்ற கணக்குப்படி, 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, 28 நொடி ஓடும் மணற்கடிகாரம். மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ, கப்பல் மணிக்கு அத்தனை கடல் மைல் போகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கயிற்றின் தொடக்கத்தில் கொஞ்ச தூரத்துக்கு முடிச்சே இருக்காது. கப்பல் கலக்கிவிட்ட நீரைக் கட்டை கடந்து போகட்டும், அதன் பிறகு எண்ணலாம் என்பது ஏற்பாடு. கலங்கிய நீர் சரியான கணக்குச் சொல்லாது என்பதை அந்த மாலுமிகள் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று சிறு படகுகளின் பின்பலகையில், அதாவது எஞ்சின் மாட்டும் டிரான்சத்தில், வேகத்தையும் நீரின் வெப்பநிலையையும் அளக்கும் சென்சாரைப் பொருத்துகிறோம். அதற்கும் இதே விதிதான். அதன் துல்லியத்தைத் தீர்மானிப்பது விலையோ பிராண்டோ அல்ல. அதைத் திருகி மாட்டும் இடம்.

கருவியின் உள்ளே பார்த்தால் இது ஏன் என்று புரியும். நீரில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துடுப்புச் சக்கரம் இருக்கிறது. அதன் இதழ்களில் சிறு காந்தங்கள் புதைந்திருக்கும். இதழ் ஒவ்வொரு முறை கடக்கும்போதும், எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவின்படி, உள்ளிருக்கும் சில்லில் ஒரு மின்துடிப்பு பிறக்கும். கடல் மைலுக்கு 20,000 துடிப்பு தரும் சக்கரம் என்று வைத்துக்கொண்டால், 6 நாட் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 33 துடிப்பு வரும். அதை எண்ணுவது மின்னணுவியலுக்குச் சின்ன வேலை. வெப்பநிலையை அளப்பது தெர்மிஸ்டர் என்ற சிறு மணி. நீர் ஒரு டிகிரி சூடானால் அதன் மின்தடை நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறையும். அதை அளப்பதும் கடினமில்லை. ஆகவே திரையில் தவறான எண் வந்தால், அநேகமாக எண்ணுவதில் பிழை இருக்காது. சக்கரத்தைத் தொட்ட நீர் கடலின் உண்மை நிலையைக் கொண்டுவரவில்லை என்றுதான் பொருள்.

ஓடும் படகின் அடிப்பகுதியை ஒட்டிய நீர் சும்மா இருப்பதில்லை. அடிப்பலகையோடு உரசும் நீரைப் படகு தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. அணியத்தில் மெல்லியதாகத் தொடங்கும் இந்த இழுபடும் படலம் பின்னால் போகப்போகத் தடிக்கும். 6 மீட்டர் நீளப் படகு 6 நாட் வேகத்தில் போனால், பின்பலகையை எட்டும்போது படலத்தின் தடிமன் ஏறக்குறைய 7 முதல் 8 சென்டிமீட்டர் என்கிறது பாய்மவியல் கணக்கு. அடிப்பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஓடும் நீர், அதே கணக்குப்படி, படகின் உண்மை வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில்தான் சக்கரத்தைக் கடக்கும். இது சீரான பிழை, திருத்திவிடலாம். சீரற்ற பிழைதான் தொல்லை. அடியில் நீளவாக்கில் ஓடும் விலாப்பட்டைகள், ஆணித் தலைகள், நீர் உறிஞ்சும் துளைகள், இவற்றுக்கு நேர் பின்னே நீர் சுழன்று குமிழியாகும். காற்றுக் குமிழியில் சக்கரம் ஒரு நொடி தடுமாறும், மறுநொடி தாறுமாறாகச் சுற்றும். ஒற்றை எஞ்சின் படகில் விசிறி, பின்னாலிருந்து பார்த்தால், பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் இடப்பக்கம் இதழ்கள் மேலேறும். அங்கே நீர் அதிகம் கலங்கும். சென்சாரை வலப்பக்கம், விசிறியிலிருந்து போதிய தூரம் தள்ளி, அதன் அடிமுனை படகின் அடிமட்டத்தை ஒட்டி இருக்கும்படி வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான். மேலே ஏறினால் வேகத்தில் நீரை விட்டு வெளியே வந்துவிடும். மிகக் கீழே இறங்கினால் தானே நீரைக் கிழித்துக் குமிழி கிளப்பும்.

கையில் இருக்கும் போனே ஜி.பி.எஸ். வழியாக வேகத்தைச் சொல்லும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஜி.பி.எஸ். சொல்வது தரையைப் பொறுத்த வேகம். சக்கரம் சொல்வது நீரைப் பொறுத்த வேகம். இரண்டுக்கும் இடையே நிற்பது, கடலோர மக்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம். சோழமண்டலக் கரையில் இந்த ஓட்டம் ஆண்டுக்குள்ளேயே திசை மாறுகிறது: மார்ச், ஏப்ரலில் வடக்கு நோக்கி, நவம்பரில் தெற்கு நோக்கி. வலுத்த நாட்களில் நொடிக்கு ஒரு மீட்டரைத் தொடும். அது சுமார் 2 நாட். நீரில் 6 நாட் போகும் படகு நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு நவம்பரில் கிளம்பினால், எதிர் ஓட்டத்தில் ஜி.பி.எஸ். 4 காட்டலாம், மார்ச்சில் அதே படகு, அதே எஞ்சின் சுற்றில், 8 காட்டலாம். எஞ்சின் மணிக்குக் குடிக்கும் எரிபொருள் இரண்டு முறையும் ஒன்றே. படகின் அடியில் கொட்டலசு படிந்ததால் வேகம் குறைந்ததா, விசிறி இதழ் வளைந்ததா, நீவாடுதான் எதிர்த்ததா என்று ஜி.பி.எஸ். மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டு எண்ணும் கையில் இருந்தால், நேர் எதிராகவோ நேர் துணையாகவோ ஓடும் நீரின் வேகம் வெறும் கழித்தல் கணக்கு.

அந்தக் கழித்தல் சரியாக வர, சக்கரத்தை முதலில் திருத்த வேண்டும். அதற்கு ஜி.பி.எஸ்.ஸே உதவும். ஒரே எஞ்சின் சுற்றில் ஓட்டத்தோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை போய், ஜி.பி.எஸ். காட்டிய இரண்டு வேகங்களின் சராசரியை எடுத்தால் நீவாட்டின் பங்கு அடிபட்டுப் போகும். 8-க்கும் 4-க்கும் சராசரி 6. இங்கே பலர் சறுக்குவார்கள்: போய்வந்த மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்துவிடுவார்கள். எதிர்த்துப் போகும்போது நேரம் அதிகம் ஆவதால் அப்படி வகுத்தால் 5.3-தான் வரும். அதை நம்பித் திருத்திய கருவி ஆயுள் முழுக்கக் குறைத்தே சொல்லும்.

வெப்பநிலைக்கு இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலக அளவிலேயே ஒரு சான்று இருக்கிறது. பழைய பதிவுகளில் உலகச் சராசரி வெப்பநிலை 1945-இல் திடீரென்று சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் இறங்கியதாகத் தெரிந்தது. அந்த இறக்கத்தின் விடை 2008-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. போர்க்காலத்தில் கடல்நீர் அளவீடுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தது. அவை எஞ்சின் அறைக்குள் வரும் குளிர்விப்பு நீரை அளந்தன, அறையின் சூடும் அதில் கலந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு திடீரென்று கூடியது. அவை வாளியில் நீர் மொண்டு மேல்தளத்தில் வைத்து அளந்தன, காற்றில் ஆவியாகி நீர் குளிர்ந்தது. கடல் குளிரவில்லை, வெப்பமானி இருந்த இடம் மாறியது. எஞ்சினின் குளிர்விப்பு நீர் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் சென்சாரை மாட்டும் படகுக்காரர் இதே பிழையைச் சிறிய அளவில் செய்கிறார். செயற்கைக்கோள்தான் கடலின் வெப்பத்தைச் சொல்கிறதே, ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் அதைக்கொண்டு மீன் கிடைக்கும் இடங்களை அறிவிக்கிறதே என்றால், அதுவும் உண்மை. ஆனால் அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் செயற்கைக்கோள் காண்பது முடியைவிட மெல்லிய மேற்தோலை. மேகம் மூடினால் அதுவும் தெரியாது. படகுக்கு வேண்டியது இப்போது, இங்கே, நீரின் சூடு எங்கே மாறுகிறது என்பது. குளிர்நீரும் வெதுநீரும் சந்திக்கும் ஓரத்தில் மீன் கூடும். அங்கே மாற்றம் ஒரு டிகிரிக்கும் குறைவாக இருக்கலாம். எஞ்சினை முறுக்கும்போதெல்லாம் அரை டிகிரி ஏறியிறங்கும் சென்சார், இல்லாத ஓரத்தைக் காட்டி ஏமாற்றும்.

கடைசி எதிர்ப்பு வலுவானது: நல்ல படகில் துளை போடுவானேன்? பல ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கிறது. மூடாத திருகுத் துளை வழியே நீர் புகுந்தால் அது உள்ளேயே மக்கும், வெளியே தெரியாது. அதனால் துளைக்குள்ளும் திருகிலும் கடல்நீருக்கான சீலன்ட் பூச வேண்டும். வயரை நீர்மட்டத்துக்கு மேலேதான் உள்ளே நுழைக்க வேண்டும். சக்கரத்தைப் பாசி பிடிக்கும் என்பதும் மெய். நின்றுபோன சக்கரம் பூஜ்யம்தான் காட்டும், அதை அவ்வப்போது துலக்குவது தவிர வழியில்லை. இவை பராமரிப்புச் சங்கடங்கள், கருவியை ஒதுக்கக் காரணங்கள் அல்ல. ஆனால் ஒன்று மட்டும் எளிதில் திருத்த முடியாதது, தவறான இடத்தில் போட்ட துளை. எனவே டிரில்லைக் கையில் எடுக்கும் முன் படகை ஒரு சுற்று ஓட்டி, பின்பலகைக்குக் கீழே நீர் எங்கே நுரைக்கிறது, எங்கே கண்ணாடிபோல் விலகுகிறது என்று பாருங்கள். நுரையில்லாத அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். துளை அதற்குப் பிறகு.