வீட்டில் காப்பி வறுத்தலும் சுவை பார்த்தலும்

நெல் விளைவிப்பவர் தம் வயலில் விளைந்த அரிசியைச் சமைத்து உண்கிறார். அதன் குணத்தையும் குறையையும் தம் நாவினாலேயே அறிகிறார். நெசவாளர் தாம் நெய்த வேட்டியை உடுத்துகிறார். அது எத்தனை சலவைக்குத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். காப்பி விளைவிப்போரின் நிலை பெரும்பாலும் இவ்வாறில்லை. மலையில் பழம் பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டி வியாபாரியிடம் கொடுத்துவிட்டுத் தம் வீட்டுக்குக் கடைத்தெருவில் தூள் வாங்கிச் செல்வோர் நம்மிடையே பலர். தம் தோட்டத்துக் காப்பியின் சுவை எத்தகையது என்பதை அவர்கள் அறியார். வாங்குவோரோ அதைக் காய்ச்சிச் சுவைத்துப் பார்த்த பிறகே விலை சொல்கின்றனர். ஆகவே, பேரம் பேசும் இருவரில் ஒருவருக்கு மட்டுமே பொருளின் தன்மை தெரிந்திருக்கிறது.

இக்குறையை நீக்கிக்கொள்ளப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. கனமான இரும்பு வாணலி, மரக் கரண்டி, முறம் ஆகிய மூன்றும் போதும். பச்சைக் கொட்டையை வீட்டிலேயே வறுத்துச் சுவை பார்ப்பதை உலகின் பல நாடுகளில் மக்கள் ஓய்வு நேர இன்பமாகவே கைக்கொண்டுள்ளனர். தோட்டம் உடையோர்க்கு அது வருவாய்க்கும் வழிகாட்டும். தோட்டமில்லாதார்க்கு நல்ல காப்பியைத் தரும். அதன் முறையை இங்கு விளக்குவோம்.

பழைய வழக்கம்

வீட்டில் வறுப்பது புதுமையன்று. காப்பிச் செடியின் தாயகமாகிய எத்தியோப்பியாவில், விருந்தினர் முன்னிலையிலேயே பச்சைக் கொட்டையைச் சட்டியில் வறுத்து, அதன் மணத்தை அவர்கள் நுகரச் செய்து, பின்னர் இடித்து, 'ஜெபனா' என்னும் மண் கூஜாவில் காய்ச்சி, மூன்று முறை வழங்குவது இன்றும் உள்ள உபசாரம். ஐரோப்பாவில் பிரஷ்ய மன்னர் 2-ஆம் பிரடெரிக் 1781-இல் காப்பி வறுக்கும் உரிமையை அரசாங்கத்துக்கே உரியதாக்கினார். அனுமதியின்றி வறுக்கும் வீடுகளை மணத்தைக் கொண்டு கண்டுபிடிக்கப் பழைய சிப்பாய்கள் தெருத்தெருவாக அனுப்பப்பட்டனர். வறுபடும் காப்பியின் மணத்தை ஒளித்துவைக்க இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் தமிழ்நாட்டிலும் பச்சைக் கொட்டையை வாங்கி, கைப்பிடியால் சுழற்றும் இரும்பு உருளையில் கரி அடுப்பின்மேல் வறுத்து, கை மிஷினில் அரைத்துக் காப்பி போட்ட வீடுகள் ஒரு காலத்தில் பல இருந்தன. கடைகளில் வறுத்து அரைத்த தூள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியபின் இவ்வழக்கம் அருகிற்று. அதனால் வேலை குறைந்தது. ஆனால் கொட்டையைப் பற்றிய அறிவும் வீட்டைவிட்டு வெளியேறியது.

கொட்டையின் வகை

நம் நாட்டில் விளைவன பெரும்பாலும் அராபிகா, ரொபஸ்டா என்னும் இருவகைகளே. அராபிகாவில் மணமும் மெல்லிய புளிப்பும் மிகுதி. ரொபஸ்டாவில் கசப்பும் கனமும் மிகுதி. காபீன் என்னும் சத்து ஏறக்குறைய இருமடங்கு. சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி மலை ஆகியவை அராபிகாவுக்குப் பெயர் பெற்றவை. நீலகிரியில் இரண்டும் விளைகின்றன. பழத்தின் தோலையும் வழுவழுப்பையும் நீக்கிக் கழுவி உலர்த்தியது பார்ச்மெண்ட் எனப்படும். பழத்தோடு உலர்த்தியது செர்ரி எனப்படும். வழக்கமாகப் பழத்தில் இரண்டாக இருக்கவேண்டிய கொட்டை, ஒன்றாகவே உருண்டு திரண்டால் அது பீபரி.

பச்சைக் கொட்டையை ஈரமும் வேறு வாசனையும் படாத இடத்தில் வைத்தால் பல மாதங்கள் கெடாது. வறுத்த கொட்டையோ சில வாரங்களில் மணம் இழக்கும். அரைத்த தூள் அதனினும் விரைவாக இழக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு வறுத்துக்கொள்வதன் முதல் நன்மை இதுவே. மற்றொரு நன்மையும் உண்டு. காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் நூற்றுக்கு 49 பங்கு வரை சிக்கரி இருக்கச் சட்டம் இடம் தருகிறது. விகிதத்தை உறையின்மேல் அச்சிட வேண்டும் என்பதும் விதி. தாமே வறுத்து அரைப்போர்க்குச் சிக்கரி சேர்ப்பதும் சேர்க்காததும் தம் விருப்பமாகிவிடுகிறது.

வறுக்கும் முறை

முதலில் கொட்டையைத் தாம்பாளத்தில் பரப்பி, கறுத்தவை, உடைந்தவை, பூச்சி துளைத்தவை, கல் ஆகியவற்றைப் பொறுக்கி நீக்க வேண்டும். பின்னர் 200 கிராம் அளவு எடுத்து, நன்கு காய்ந்த வாணலியில் இட்டு, நடுத்தரமான தீயில் இடைவிடாது கிளற வேண்டும். கிளறுவது நின்றால் ஒருபுறம் கருகும். மறுபுறம் பச்சையாகவே நிற்கும்.

கொட்டையில் நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு ஈரம் உண்டு. முதற் சில நிமிடங்கள் இவ்வீரம் வெளியேறுவதிலேயே கழியும். பச்சை நிறம் மாறி மஞ்சளாகும். வைக்கோலின் மணம் எழும். அடுத்து மஞ்சள் பழுப்பாகும். ரொட்டி சுடுவதைப் போன்ற மணம் வரும். மெல்லிய உமி கழன்று பறக்கும். கொட்டையின் உஷ்ணம் 200 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி வருகையில், உள்ளிருக்கும் நீராவியின் அழுத்தத்தால் கொட்டை பருத்துச் சோளம் பொரிவதைப் போல் வெடிக்கும். இதுவே முதல் வெடிப்பு. ஏறக்குறைய 10 நிமிடங்களில் இப்பதம் வந்தால் தீ சரியாக இருந்தது எனக் கொள்ளலாம்.

முதல் வெடிப்பு ஓய்ந்ததும் இறக்கினால் இளம் வறுவல். கொட்டையின் இயற்கையான புளிப்பும் பழமணமும் அதில் தெளிவாக நிற்கும். மேலும் ஓரிரு நிமிடங்கள் வறுத்து, உலர்ந்த சுள்ளி முறிவதைப் போன்ற மெல்லொலியுடன் இரண்டாம் வெடிப்பு தொடங்கும் தருவாயில் இறக்கினால், பால் சேர்த்துப் பருகும் பில்டர் காப்பிக்கு ஏற்ற பதமாகும். அதனையும் கடந்தால் கொட்டையின்மேல் எண்ணெய் கசியும். தோட்டத்தின் சுவை மறைந்து தீயின் சுவையே மிஞ்சும். இக்கட்டத்தில் அரை நிமிடமும் பெரிது. கண், மூக்கு, செவி மூன்றும் ஒருங்கே விழித்திருக்க வேண்டிய இவ்வேளைதான் இப்பொழுதுபோக்கின் இன்பம் மிக்க பகுதி என்பர் பழகியோர்.

இறக்கியவுடன் முறத்தில் கொட்டி விசிறி ஆற்ற வேண்டும். இல்லையேல் தன் சூட்டிலேயே கொட்டை மேலும் வறுபடும். முறத்தில் புடைத்தால் உமியும் நீங்கிவிடும். எடையில் நூற்றுக்கு 12 முதல் 20 பங்கு வரை குறைவது இயல்பு. வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளிப்படுமாதலால், ஒரு நாள் ஆறவிட்ட பின் அரைப்பது நன்று. வறுக்கும்போது புகை எழும். உமியில் தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே காற்றோட்டமான இடத்தில் வறுக்க வேண்டும்; அடுப்பைவிட்டு அகலக் கூடாது.

சுவை பார்த்தல்

இன்பமாகப் பருகுவது வேறு. ஆராய்ந்து சுவைப்பது வேறு. பின்னதற்குப் பாலும் சர்க்கரையும் உதவா. ஒரே பதமாக இளவறுவல் வறுத்த இரண்டு மூன்று மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் அளவு கொரகொரப்பாக அரைத்து, தனித்தனிக் குவளையில் இடுக. கொதித்துச் சற்றே ஆறிய நீரைக் குவளைக்கு 180 மில்லிலிட்டர் வீதம் ஊற்றி, 4 நிமிடம் அசையாது வைக்க வேண்டும். மேலே ஆடைபோல் மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்கி, அப்போது எழும் மணத்தை நுகர வேண்டும். நுரையை வழித்தெடுத்து, சூடு தணிந்தபின் கரண்டியால் மொண்டு, ஓசை எழ உறிஞ்சினால் காப்பி நா முழுவதும் பரவும்.

மணம், புளிப்பு, கசப்பு, கனம், விழுங்கியபின் நிற்கும் சுவை ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்க. ஆறிய பிறகு மறுபடியும் சுவைக்க வேண்டும். சூட்டில் மறைந்திருந்த குறை அப்போது வெளிப்படும். எக்குவளையில் எக்கொட்டை என்பதைச் சீட்டில் எழுதிக் குவளையின் அடியில் ஒட்டிவைத்தால், தம் தோட்டம் என்னும் பாசம் தீர்ப்பைக் கெடுக்காது.

சுவை காட்டும் குறைகள்

விளைவிப்போர்க்கு இப்பயிற்சியால் வரும் பயன் இங்கேதான் உள்ளது. பழுக்காத காயின் கொட்டையைப் பச்சையாக இருக்கையில் பிரித்தறிவது கடினம். வறுத்தபின்போ அது மட்டும் வெளுத்து நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். அத்தகைய கொட்டை மிகுந்தால் காப்பி துவர்க்கும். புளிக்கவைத்த நேரம் மிகுந்தால் காடியின் வாடை வரும். வெறுந்தரையில் உலர்த்தினால் மண் வாடையும், ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சண வாடையும் ஏறும். மிளகு, உரம் போன்றவற்றின் அருகில் வைத்தால் அவற்றின் வாசனையைக் கொட்டை ஈர்த்துக்கொள்ளும். இக்குறைகளுள் ஒன்றையேனும் வறுவலால் நீக்க இயலாது. பறிப்பிலும் உலர்த்தலிலும் சேமிப்பிலுமே தடுக்க வேண்டும்.

1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பி போர்டு, விளைச்சலைப் பொதுத் தொகுப்பாகச் சேர்த்து விற்றுத்தந்த காலம் ஒன்று இருந்தது. 1990-களில் அம்முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முற்றும் நீங்கியது. அதுமுதல் விளைவிப்பவர் வாங்குவோரை நேருக்கு நேர் சந்திக்கிறார். நம் நாட்டில் காப்பித் தோட்டம் உடையோரில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்கும் குறைந்த நிலமுடைய சிறு விவசாயிகள். தம் சரக்கின் குணத்தைத் தாமே சொல்ல இயலாதவர், பிறர் சொல்லும் குணத்தையும் விலையையும் ஏற்கவேண்டியவராகிறார்.

ஆதலின், காப்பி விளையும் பகுதியிலுள்ள சங்கங்கள், அறுவடை முடிந்ததும் ஒரு நாள் கூடி, அங்கத்தினர் ஒவ்வொருவரின் கொட்டையிலும் கால் கிலோ பெற்று, ஒரே அடுப்பில் வறுத்து, பெயர் மறைத்துச் சுவைத்துப் பார்க்கலாம். எவர் கொட்டை சிறந்தது, அவர் எவ்வாறு உலர்த்தினார் என்பதை மற்றவர் அன்றே கற்றுக்கொள்வர். செலவு, சிறிது விறகும் ஒரு பிற்பகலும் மட்டுமே. தோட்டமில்லாத அங்கத்தினர்கள் அக்கொட்டையைச் சங்கத்தின் மூலமே வாங்கித் தம் வீட்டில் வறுப்பாராயின், விளைவிப்போர்க்கு நேரான விலையும் பருகுவோர்க்குப் புதுமணமும் ஒருங்கே கிட்டும். வரும் அறுவடையில் இதனை முயன்று பார்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.