யானை எங்கே நிற்கிறது?

வால்பாறைக்குப் போகிறோம் என்றதும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அங்க யானை வருமாமே?" நியாயமான பயம்தான். ஆனைமலைப் புலிகள் காப்பகமும் பரம்பிக்குளமும் சூழ்ந்திருக்க, நடுவே சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலைத் தோட்டங்களும் ஊரும். குடியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக யானை இந்தத் தோட்டங்களைக் கடந்தே ஆக வேண்டும். ஆகவே வரும். பகலில் ஆற்றோரத்திலோ துண்டுச்சோலையிலோ ஒதுங்கி நின்று, இருட்டியதும் நகரும். அரிசி வாசனைக்கு ரேஷன் கடைகளையும் சத்துணவுக் கூடங்களையும் உடைத்திருக்கிறது.

உயிர்ச்சேதமும் நடந்திருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவரது குழுவினரும் அந்த மரணங்களை ஆராய்ந்தபோது ஒன்று தெளிவானது. இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு யானை பக்கத்தில் நிற்பதே தெரிந்திருக்கவில்லை.

எனவே யானை நிற்கும் இடத்தை ஊருக்குச் சொல்லும் வேலையில் அவர்கள் இறங்கினார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரிகள். பிறகு கைபேசிக்குத் தமிழிலேயே குறுஞ்செய்தி, குரல் அழைப்பு. மேடான இடங்களில் செல்போனால் இயக்கும் சிவப்பு விளக்குகள். விளக்கு எரிந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருக்கிறது என்று பொருள். அதை எரியவிடுவதில் தோட்டத்து மக்களுக்கும் பங்குண்டு. மரணங்கள் குறைந்தன. 2015-ல் ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது. "பயப்படாதே" என்று உபதேசம் செய்யாமல், தெரிய வேண்டியதைத் தெரியப்படுத்தினார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

சுற்றுலா போகிறவர்களோ இதையெல்லாம் விசாரிப்பதே இல்லை. அதனால்தான் இரவில் ஜன்னலோரச் சலசலப்புக்கு நடுங்கும் அதே மனிதர், காலையில் ரோட்டோரம் யானையைக் கண்டதும் காரைவிட்டு இறங்கி செல்ஃபி எடுக்கப் போகிறார். அந்த நடுக்கம், இந்தத் துணிச்சல் இரண்டுமே யானையை அறியாததால் வருபவை.

விடுதிக்காரர், டீக்கடைக்காரர், வனத்துறை வாட்சர், யாரிடமாவது "அண்ணா, இன்னைக்கு யானை எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேளுங்கள். எந்த எஸ்டேட், ஒத்தையா கூட்டமா, குட்டி இருக்கிறதா என்பதுவரை சொல்வார்கள். எதிர்ப்பட்டுவிட்டால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஹாரன் கூடாது, ஹெட்லைட்டை மினுக்கக் கூடாது, இறங்கவே கூடாது. காதை ஆட்டியபடி புல்லைப் பிடுங்கி, மண்ணைத் தட்டித் தின்றுகொண்டிருந்தால் அது தன்பாட்டில் இருக்கிறது. தின்பதை நிறுத்தி, காதை விரித்து, வாலைத் தூக்கி உங்களையே பார்த்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டியோடு நிற்கும் கூட்டத்துக்கும் மதம் வடியும் கொம்பனுக்கும் இன்னும் அதிகத் தூரம் விட வேண்டும்.

நம்மைக் கண்டு பயப்பட வேண்டிய விலங்குகளும் அங்கே உண்டு. ஆழியாறு பக்கமிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவருகே வரையாடு ரோட்டோரத்திலேயே நிற்கும். புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சோலைமந்திகள் ரோட்டைக் கடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத குரங்கு அது. பிஸ்கட் நீட்டிப் பழக்கினால், மரத்தில் பழம் தேட வேண்டிய மந்தி வண்டிக்காக ரோட்டில் உட்காரும். ஏதோ ஒரு வண்டியில் அடிபடும். அவை கடப்பதற்கென்று மரங்களுக்கிடையே உயரத்தில் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே தின்பண்டம் கிடந்தால் மந்தி எதற்காக மேலே போக வேண்டும்?

சிறுத்தை விஷயத்தில் மட்டும் பயத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். சிறுத்தைக்குக் குழந்தையைப் பறிகொடுத்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வால்பாறையில் இருக்கின்றன. பொழுது சாய்ந்த பின் தேயிலைச் செடிகளோரம் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். மிச்சச் சோற்றையும் இறைச்சிக் கழிவையும் வெளியே கொட்டாதீர்கள். அதைத் தின்ன நாயும் பன்றியும் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள், தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டுப் பிள்ளைகள்தான் அந்த இடத்தில் விளையாடுவார்கள்.