சொகுசு எஸ்யூவிகளுக்கான குளிர்கால டயர் தெரிவு

குளிர்கால டயர் என்பது தாழ் வெப்பநிலையிலும் வெண்பனி, பனிக்கட்டி ஆகியவை படிந்த சாலைகளிலும் பிடிப்பை இழக்காதிருக்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட ஊர்தி டயர் ஆகும். சொகுசு எஸ்யூவி வகை ஊர்திகள் எடை மிகுந்தவை. பெரிய ரிம்களையும் அகன்ற டயர்களையும் கொண்டவை. ஆகையால் இவற்றுக்கான டயரைத் தெரிவு செய்யும்போது சிறிய தானுந்துகளைவிடக் கூடுதலான கூறுகளைக் கருத்திற் கொள்ள வேண்டியுள்ளது.

வரலாறு

பின்லாந்து நாட்டின் நோக்கியா நகரில் இயங்கிய இரப்பர்த் தொழிற்சாலை 1934 ஆம் ஆண்டில் சரக்குந்துகளுக்கான குளிர்கால டயரையும், 1936 ஆம் ஆண்டில் தானுந்துகளுக்கான ஹக்கபெலித்தா டயரையும் உருவாக்கியது. அத்தொழிற்சாலையின் வழிவந்த நிறுவனம் இன்று நோக்கியன் டயர்ஸ் என அறியப்படுகிறது.

அமைப்பு

கோடைகால டயரின் இரப்பர்க் கலவை ஏறத்தாழ 7 °செ வெப்பநிலைக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் கலவை அந்நிலையிலும் நெகிழ்வாக இருக்கும். அதன் மேற்பரப்புக் கட்டைகளில் நுண்வெட்டுகள் பல உள்ளன. இவற்றின் விளிம்புகள் வெண்பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. அகன்ற பள்ளங்களில் அடையும் பனி, சாலையிலுள்ள பனியுடன் ஒட்டிக்கொண்டு இழுவிசையைக் கூட்டுகிறது.

நான்கு சக்கர இயக்கமும் நிறுத்தத் தொலைவும்

நான்கு சக்கர இயக்கம் உள்ள ஊர்திக்குக் குளிர்கால டயர் தேவையில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. இது தவறானதாகும். நான்கு சக்கர இயக்கம் எந்திரத்தின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிப்பதால் ஊர்தி எளிதாகப் புறப்படுகிறது. ஆனால் பிரேக் எல்லா ஊர்திகளிலும் நான்கு சக்கரங்களிலுமே செயற்படுகிறது. எனவே நிறுத்துவதில் இவ்வமைப்பால் கூடுதல் பயன் ஏதுமில்லை.

சமதளத்தில் பிரேக் பிடித்த பின் ஊர்தி கடக்கும் தொலைவு, வேகத்தின் இருமடியை உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கால் வகுத்துப் பெறப்படுகிறது. மணிக்கு 50 கி.மீ வேகத்தில் செல்லும் ஊர்திக்கு இத்தொலைவு பின்வருமாறு அமையும்:

உராய்வுக் கெழு 0.8 (உலர்ந்த தார்ச்சாலை) - ஏறத்தாழ 12 மீட்டர்
உராய்வுக் கெழு 0.3 - ஏறத்தாழ 33 மீட்டர்
உராய்வுக் கெழு 0.2 - ஏறத்தாழ 49 மீட்டர்
உராய்வுக் கெழு 0.1 (வழுக்கும் பனிக்கட்டி) - ஏறத்தாழ 98 மீட்டர்

கெழு 0.3 கிடைக்கும் ஊர்தி முழுமையாக நின்றுவிடும் இடத்தில், 0.2 மட்டுமே கிடைக்கும் ஊர்தி மணிக்கு 29 கி.மீ வேகத்தில் இன்னும் சென்றுகொண்டிருக்கும். குறுக்கே ஒருவர் நடந்து செல்லும் இடத்தில் இவ்வேறுபாடு உயிரைத் தீர்மானிக்கக் கூடியது. இச்சமன்பாட்டில் எடை இடம்பெறவில்லை என்பதும் நோக்கத்தக்கது. எடை மிகுந்த ஊர்தி என்பதால் அது விரைவில் நின்றுவிடுவதில்லை.

குறியீடுகள்

எம்+எஸ் என்ற குறியீடு மேற்பரப்பின் வடிவத்தை மட்டுமே சுட்டுகிறது. இதற்குச் செயற்பாட்டுச் சோதனை கட்டாயமில்லை. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரையப்பட்ட சின்னம், வெண்பனிச் சோதனையில் தேறிய டயர்களுக்கே வழங்கப்படுகிறது. எனினும் அச்சோதனை பனிக்கட்டி மீதான பிடிப்பை அளப்பதில்லை. இதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முகப்புச்சீட்டில் 2021 மே முதல் பனிக்கட்டிப் பிடிப்புக்குத் தனிச் சின்னம் சேர்க்கப்பட்டுள்ளது.

வகைகள்

நடு ஐரோப்பிய வகை: ஈரமான நெடுஞ்சாலைகளுக்கும் மிதமான குளிருக்கும் ஏற்றது. உயர் வேகக் குறியீடுகளில் கிடைக்கிறது.
வட ஐரோப்பிய வகை: மிக மென்மையான கலவை கொண்டது. பனிக்கட்டியில் சிறந்தது, ஈரச்சாலையிலும் உயர்வேகத்திலும் பின்தங்குகிறது.
ஆணி பதித்த வகை: பின்லாந்து, சுவீடன், நோர்வே நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. ஜெர்மனியில் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. சாலையைத் தேய்த்துத் தூசியை எழுப்புவதால் சப்பானில் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்தப்பட்டது.

தெரிவு செய்யும் முறை

சுமைக் குறியீடு: ஊர்தி உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 275/45 ஆர்20 110வி என்ற டயரில் 110 என்பது ஒரு டயர் 1,060 கிலோகிராம் தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கி.மீ உச்ச வேகத்தையும் குறிக்கும்.

வேகக் குறியீடு: ஜெர்மனியில் குளிர்கால டயரின் வேகக் குறியீடு ஊர்தியின் உச்ச வேகத்தைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் அவ்வரம்பைக் காட்டும் ஒட்டி ஓட்டுநரின் பார்வையில் படுமாறு இருத்தல் வேண்டும். சுமைக் குறியீட்டில் இத்தகைய தளர்வு இல்லை.

ரிம் அளவு: உற்பத்தியாளர் அனுமதித்தால் 21 அங்குல ரிம்முக்குப் பதிலாக 19 அல்லது 20 அங்குல ரிம்மைப் பொருத்தலாம். டயரின் பக்கச்சுவர் உயரமாவதால் பனி மூடிய குழிகளில் ரிம் சேதமடைவது குறையும். பெரிய பிரேக் அமைப்பு சிறிய ரிம்முக்குள் அடங்குகிறதா என்பதை முன்னரே உறுதி செய்தல் வேண்டும்.

நான்கும் ஒரே வகை: இரு சக்கரங்களில் மட்டும் குளிர்கால டயரைப் பொருத்தினால் முன்பின் பிடிப்பு வேறுபட்டு ஊர்தி சுழல நேரிடலாம்.

ஆழமும் வயதும்: பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ-க்குக் கீழ் குறைந்தால் மாற்றுவது பரிந்துரைக்கப்படுகிறது. பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3524 என்பது 2024 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம் ஆகும்.

காற்றழுத்தம்: வெப்பநிலை 10 °செ குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறைகிறது. ஆகவே குளிர்காலத்தில் அடிக்கடி சரிபார்த்தல் வேண்டும்.

சட்ட நிலை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயமாகும். தற்போது இது திசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை பொருந்தும். ஜெர்மனியில் நாட்கணக்கு இல்லை. சாலையில் வெண்பனி, பனிக்கட்டி போன்றவை இருக்கும்போது கட்டாயமாகும். அங்கு 2024 அக்டோபர் முதல் மலைச் சின்னம் உள்ள டயர்களே குளிர்கால டயர்களாக ஏற்கப்படுகின்றன. எம்+எஸ் குறியீடு மட்டும் போதாது.