மண்டை உடைந்த பிரேக் நிப்பிள்

“மரை உள்ளேயே இருக்கு சார், மண்டையைத்தான் காணோம்.” எங்கள் பழைய மாருதி 800-இன் பின்சக்கரத்துக்குள் டார்ச் அடித்துக் காட்டினார் மெக்கானிக். வீல் சிலிண்டரில் பிரேக் ஆயிலை வெளியேற்றும் நிப்பிள் இருக்க வேண்டிய இடத்தில், துருவேறிய ஒரு மொட்டைக் குச்சி. நான்கு மாதம் முன்பு வேறொரு பட்டறையில் “பிரேக் ஆயில் மாற்றியது” என்று பில் போட்டுப் பணம் வாங்கியிருந்தார்கள். நிப்பிள் உடைந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

துருப்பிடித்த திருகு உடைவது குற்றமல்ல, கைதேர்ந்தவரிடமும் உடையும். அதை மறைத்து வண்டியைக் கொடுத்ததுதான் என்னால் ஏற்க முடியாதது. காரணம், நிப்பிள் உடைந்தால் அதன் வழியே பழைய ஆயிலை வெளியேற்ற முடியாது, பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி கேட்பதே 140 டிகிரிதான். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் சூடேறி ஆவிக்குமிழி உண்டாகும். அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைக்கும். மரையின் இடுக்கில் அது நடந்தால் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். கடற்கரை ஊர் வண்டிகளுக்கும் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கும் இது சீக்கிரமே வரும். நிப்பிள் நடுவில் துளையுள்ளது என்பதால், அழுத்தித் திருகினால் முறிந்துவிடும்.

ஆகவே நிப்பிளைக் கழற்றுவது அவசரப்பட்டுச் செய்யும் வேலையல்ல. முதலில் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, மரையின் வெளிப்பக்கம் மட்டும் துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு, ஒரு இரவு ஊறவிட வேண்டும். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், முனையை மழுக்கிவிடும். தலையை ஆறு பக்கமும் கவ்வும் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, சிறு சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் இம்மியளவு இறுக்கிப் பிறகு தளர்த்த வேண்டும். அசைந்தால் முன்னும் பின்னுமாக ஆட்டியே எடுக்க வேண்டும். துரு இளக்கும் அந்த எண்ணெய் பிரேக் ஆயிலில் கலந்தால் உள்ளிருக்கும் ரப்பர் கப்புகள் ஊதிக் கெடும்.

கேஸ் நெருப்பு காட்டுகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் தீப்பற்றும், ரப்பர் கருகும். சிலவகை பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த கரைப்பான் உண்டு. அது சூட்டில் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவாகும். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், டிரம்மில் உள்ள தூளைக் காற்றடித்து ஊதவும் கூடாது. நீங்களே செய்வதானால் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

அப்படியும் உடைந்தால், வீல் சிலிண்டரையே மாற்றுவதுதான் சரி. துளை போட்டு மரையைத் தோண்டுவது பிரேக்கில் செய்யும் சோதனை அல்ல.

வேலைக்கு விடும்முன், “நிப்பிள் உடைந்தால் என்ன செய்வீர்கள், எவ்வளவு ஆகும்?” என்று கேட்டு எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக்குக்கும் அதுவே பாதுகாப்பு. பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியிருந்தால், உடைத்ததை மறைத்திருந்தால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாடகைக் கார் ஓட்டுபவர்களும், அது தங்கள் சொந்தப் பிழைப்புக்கானது என்றால் நுகர்வோர்தான்.

வழக்குக்குத் தேவை சான்று. வேலைக்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வண்டியிலிருந்து கழற்றிய சிலிண்டர், மொட்டைக் குச்சியோடு, இன்னும் அலமாரியில் இருக்கிறது. புதியதன் நிப்பிளில் ரப்பர் மூடி போட்டிருக்கிறோம், துளைக்குள் தண்ணீரும் மண்ணும் போகாமல் இருக்க.